குறைந்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு?
'றிடியூஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றிய ஒரு பாடம்



இந்தப் பாடத்தை ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றோம். தவறு எம்முடையது.

இடம்பெயர்ந்து வந்து, பிறருடைய வயலைக் குத்தகைக்கு எடுத்துக் கமஞ்செய்யும் ஒரு குடும்பத்தின் தாய் ஒரு நாள் மாலை எம்மிடம் ஒரு கடிதத்துடன் வந்தார். உதவி நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதம் அது. காலபோகச் செய்கைக்கென அக்குடும்பத்துக்கு 80,000 ரூபா தருவதாக அந்நிறுவனம் முன்னர் அறிவித்திருந்தது. புதிய கடிதத்தில் அத்தொகை 'றிடியூஸ்ட்' என்றும், பக்கத்தில் 25 வீதம் என்றும் இருந்தது. நாம் வேறொரு கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கால்வாசி குறையுது அம்மா. மிச்சம் வரும்" என்று கூறிவிட்டோம்.

அந்தத் தாய் 60,000 ரூபா வரும் என்று கணக்கிட்டார். அந்த நம்பிக்கையில் உழவு இயந்திரக்காரரிடம் கடன் சொல்லி மூன்று ஏக்கரை உழுவித்தார். விதைநெல்லும் கடனுக்கு வாங்கினார். வந்ததோ 20,000 ரூபா. மீண்டும் எம்மிடம் வந்து, கோபமின்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"சுவாமி, கால்வாசி குறையுது எண்டுதானே சொன்னனீங்கள்? இப்ப கால்வாசிதானே கிடைச்சிருக்கு?"

கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். '25 வீதத்தால்' என்று அதில் இருக்கவில்லை. '25 வீதமாக' என்றே இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சிறு சொல் ஒன்றே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அச்சிறு சொல்லை நாம் கவனிக்காததால் 40,000 ரூபா கடனாகி, அத்தாயின் தோடு அடகுக்குப் போனது. பின்னர் நண்பர்களின் உதவியோடு அதை மீட்டுக் கொடுத்தோம். ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு தோட்டை அடகு வைத்து மீட்க முடியாது. ஆகவே இச்சொல்லை நாம் எல்லோருமே கற்றுக்கொள்வது நல்லது.

1. சொல்லை அடையாளங் காணல்

ஆர், ஈ, டி, யூ, சி, ஈ, டி என்ற ஏழு எழுத்துக்களைக் கொண்டது இச்சொல். 'றிடியூஸ்' என்பது குறைத்தல் என்னும் வினை. அதன் இறுதியில் டி சேரும்போது 'குறைக்கப்பட்ட' என்ற பெயரடை கிடைக்கின்றது. பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் வீடுகளில் இச்சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வடிவத்தைக் கண்டு பிடிக்கலாம். நிவாரண அறிவித்தல், வங்கிக் கடிதம், பசளை விலைப் பட்டியல், மருந்துச் சீட்டு, விவசாயத் துண்டுப்பிரசுரம் ஆகிய எல்லாவற்றிலும் இது வரும்.

2. குறைந்ததா, குறைக்கப்பட்டதா?

எமது மொழியில் 'குறைந்த' என்பது வேறு, 'குறைத்த' என்பது வேறு. மழை குறைந்தது என்போம். அதை யாரும் குறைக்கவில்லை. கடைக்காரர் விலையைக் குறைத்தார் என்போம். அங்கே செய்தவர் ஒருவர் இருக்கின்றார். நாம் பேசும் ஆங்கிலச் சொல், இப்படிப்பட்ட கடிதங்களில், பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. யாரோ ஒருவர் தீர்மானித்துச் செய்த குறைப்பையே அது சொல்கின்றது. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லாமலே வசனத்தை முடித்துவிட அது இடமளிக்கின்றது.

இச்சொல்லைத் தமிழாக்குபவர்கள் பல வேளைகளில் 'குறைந்த நிவாரணம்' என்று எழுதிவிடுகின்றார்கள். அப்போது நிவாரணமும் மழையைப் போலத் தானாகவே குறைந்தது என்ற எண்ணம் வாசிப்பவருக்கு ஏற்படுகின்றது. மழையிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் 'குறைக்கப்பட்ட நிவாரணம்' என்று சரியாக எழுதினால், யாரால், எப்போது, என்ன காரணத்தால் என்ற கேள்விகள் தாமாகவே எழும். அக்கேள்விகளைப் பண்போடு கேட்பது உங்கள் உரிமை. கேட்டவரை எதிரியாகப் பார்ப்பது முறையல்ல.

இன்னொன்று: 'குறைக்கப்பட்ட வட்டி' என்பது 'குறைந்த வட்டி' ஆகிவிடாது. 24 வீத வட்டியை 20 வீதமாக்கினால் அது குறைக்கப்பட்ட வட்டிதான். ஆனால் இன்னும் கூடிய வட்டியே. பக்கத்துச் சங்கத்தில் எப்போதுமே 12 வீதமாக இருந்துவரும் வட்டி யாராலும் குறைக்கப்படாதது; ஆயினும் அதுவே குறைந்தது. இச்சொல் நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுகின்றதே அன்றி, இன்றைய அளவு நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லை.

3. 'ஆல்' என்பதும் 'ஆக' என்பதும்

பாடத்தின் மையம் இதுதான். இச்சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொற்கள் மூன்றைக் கவனியுங்கள்.

'பை' என்று வந்தால் 'ஆல்'. எவ்வளவு போயிற்று என்பதைச் சொல்கின்றது. 25 வீதத்தால் குறைக்கப்பட்டது என்றால் 75 வீதம் மிஞ்சும்.

'டு' என்று வந்தால் 'ஆக'. எவ்வளவு மிஞ்சிற்று என்பதைச் சொல்கின்றது. 25 வீதமாகக் குறைக்கப்பட்டது என்றால் 75 வீதம் போய்விட்டது.

'ஃப்ரொம்' என்று வந்தால் 'இலிருந்து'. முன்னர் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்கின்றது.

எமது 80,000 ரூபாவை எடுத்துக்கொள்வோம். 25 வீதத்தால் குறைத்தால் 60,000. 25 வீதமாகக் குறைத்தால் 20,000. ஒரே இலக்கம், ஒரே சொல்; ஆனால் வயலில் ஒன்று விதைப்பு, மற்றது தரிசு.

'அப் டு' என்ற தொடரிலும் எச்சரிக்கை தேவை. '50 வீதம் வரை விலை குறைக்கப்பட்டது' என்று கடையில் எழுதியிருந்தால், ஏதோ ஒரு பொருளுக்கு 50 வீதம் குறைந்திருக்கலாம். உங்களுக்குத் தேவையான பொருளுக்கு 5 வீதமே குறைந்திருக்கலாம். அது உச்ச அளவை மட்டுமே சொல்கின்றது.

வட்டியில் மற்றொரு குழப்பம் உண்டு. 24 வீத வட்டி '2 வீதத்தால் குறைக்கப்பட்டது' என்றால், பெரும்பாலும் 22 வீதம் என்றே பொருள். ஆனால் 24 இன் நூற்றில் 2 பங்கு மட்டுமே குறைந்தது என்றும் ஒருவர் வாதாடலாம். அப்போது வட்டி 23.52 வீதம். ஆகவே வீதத்தைக் கேளாதீர்கள், "இனி எத்தனை ரூபா கட்ட வேண்டும்?" என்று ரூபாவில் கேளுங்கள்.

தவணைப் பணம் குறைக்கப்பட்டது என்று கேட்டு மகிழ்ந்துவிடவும் வேண்டாம். மாதம் 5,000 ரூபாப்படி 12 மாதம் கட்டுபவர் 60,000 ரூபா கட்டுகின்றார். தவணை 3,000 ஆகக் குறைக்கப்பட்டுக் காலம் 24 மாதமாக நீண்டால், அவர் கட்டுவது 72,000 ரூபா. மாதத்தில் குறைந்தது; மொத்தத்தில் கூடியது.

4. கழித்ததும் கூட்டியதும் ஒன்றாகுமா?

உலக அனுபவம் ஒன்றைப் பார்ப்போம். மியன்மாரிலிருந்து இடம்பெயர்ந்து வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜார் முகாம்களில் வாழும் றோகிஞ்சா மக்களுக்கு, உலக உணவுத் திட்டம் ஆளொருவருக்கு மாதம் 12 டொலர் பெறுமதியான உணவுச் சீட்டு வழங்கிவந்தது. நிதி போதாமையால் 2023 மார்ச் மாதத்தில் அது 10 டொலராகவும், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் 8 டொலராகவும் குறைக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் 10 டொலராக உயர்த்தப்பட்டது.

இங்கே கணக்கைக் கவனியுங்கள். 10 இலிருந்து 8 ஆகக் குறைந்தது 20 வீதக் குறைப்பு. 8 இலிருந்து 10 ஆக உயர்ந்ததோ 25 வீத உயர்வு. இரண்டும் அதே 2 டொலர்தான். குறைக்கும்போது வீதம் சிறிதாகவும், திரும்பத் தரும்போது பெரிதாகவும் தெரிகின்றது. யாரும் ஏமாற்றவில்லை, ஒப்பிடும் அடிப்படை மாறியதால் வந்த விளைவு இது. 25 வீத உயர்வு என்று கேட்டவர், பழைய 12 டொலரைவிடவும் கூடக் கிடைக்கிறது என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அப்போதும் 2 டொலர் குறைவே.

வீட்டுக் கணக்கில் சொல்வதானால்: 10 கிலோ அரிசி 20 வீதத்தால் குறைந்தால் 8 கிலோ. பின்னர் 20 வீதத்தால் கூட்டினால் 10 கிலோ வராது. 9 கிலோ 600 கிராம்தான் வரும். மிகுதி 400 கிராம் எங்கே என்று கேட்பவர் கணக்குத் தெரிந்தவர்.

5. வயலில் இச்சொல்

விவசாயப் பிரசுரங்களில் 'றிடியூஸ்ட் மண்' என்ற தொடர் வரும். இதைக் 'குறைந்த மண்', 'வளங்குறைந்த மண்' என்று மொழிபெயர்த்தால் பெருந்தவறு. இரசாயன பாடத்தில் இதற்குத் 'தாழ்த்தல்' என்று பெயர், ஒட்சியேற்றத்துக்கு எதிரானது.

வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்றுப் புகுவது தடைப்படுகின்றது. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் எஞ்சியிருக்கும் ஒட்சிசனைச் சில நாட்களுக்குள் பயன்படுத்தி முடித்துவிடுகின்றன. அதன்பின் அவை நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் சேர்வைகளைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. சிவந்த மண் சாம்பல் நிறமாவது இதனால்தான். இரும்பு போய்விடவில்லை, அதன் நிலை மாறியிருக்கின்றது. நெற்பயிரைப் பிடுங்கிப் பாருங்கள். மண் சாம்பலாக இருக்க, வேரில் துருநிறம் படிந்திருக்கும். நெல் தன் தண்டின் வழியே காற்றை வேருக்கு அனுப்புவதற்கு அதுவே சாட்சி.

இதிலிருந்து நமக்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, நீர் கட்டிய வயலுக்கு நைத்திரேற்றுப் பசளை ஏற்றதல்ல. அது வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். யூரியா இட்டபின் வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டினாலும் இதேபோல ஒரு பகுதி வீணாகும். இரண்டாவது, சேற்றை மிதிக்கும்போது கூழ்முட்டை நாற்றம் அடித்து, வேர்களும் கறுத்திருந்தால், தாழ்த்தல் அளவுக்கு மீறிவிட்டது என்று அறியலாம். வைக்கோலையோ பச்சை இலைகளையோ பெருமளவில் உழுது அமிழ்த்திய உடனே நட்டால் இப்படி நேரலாம். பசளை இடுவதற்கு முன்னர் நீரைச் சில நாட்கள் வடியவிட்டு மண்ணுக்குக் காற்றுக் கொடுங்கள்.

6. சொல்லின் வேர்

இலத்தீன் மொழியில் 'றே' என்றால் 'திரும்பவும்', 'பின்னோக்கி'. 'தூச்செரே' என்றால் 'வழிநடத்துதல்'. இரண்டும் சேர்ந்தால் 'திரும்ப அழைத்துச் செல்லுதல்'. குறைத்தல் என்ற பொருள் பின்னாளில் வந்து சேர்ந்ததே. பஸ்ஸில் எம்மை ஏற்றிச் செல்லும் 'கொண்டக்டர்', வயலில் நாம் விளைவிக்கும் 'புரொடியூஸ்' என்ற சொற்களும் இதே வேரில் முளைத்தவை. உலோகம் உருக்குவோர் கல்லாகக் கிடந்த தாதுவை மீண்டும் உலோகமாக்கியபோது, அதைத் திரும்ப அழைத்து வந்ததாகவே கருதினர். இரசாயனத்தில் இச்சொல் நுழைந்தது அவ்வழியாகத்தான்.

இவ்வேர்ப்பொருள் எப்போதும் நன்மைக்கே பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. 1570களில் பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ, மலைப்பகுதிகளில் பரந்து வாழ்ந்த பூர்வீக மக்களைப் பெருந்தொகையாகத் தம் காணிகளிலிருந்து பெயர்த்து, நேர்த்தெருக்கள் கொண்ட புதிய ஊர்களில் குடியேற்றினார். வரி அறவிடவும் வேலை வாங்கவும் அது வசதியாக இருந்தது. அவ்வூர்களுக்கு இட்ட பெயர் 'றெதுக்சியோன்'. நாம் பேசும் சொல்லின் உடன்பிறப்பு. 1609 முதல் பரகுவாய்ப் பகுதியில் இயேசு சபைத் துறவிகள் குவரானி மக்களுக்காக அமைத்த ஊர்களுக்கும் இதே பெயர்தான். அவை அம்மக்களை அடிமை வேட்டையாடுவோரிடமிருந்து ஓரளவு காத்தன. ஆயினும் 1750 இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் எல்லையை மாற்றி ஒப்பந்தம் செய்தபோது, அவற்றுள் ஏழு ஊர்களின் மக்கள் வெளியேறும்படி கட்டளையிடப்பட்டனர். எங்கோ தூரத்தில் இருவர் வரைபடத்தில் இட்ட கோட்டுக்காக வீட்டையும் விளைநிலத்தையும் விட்டுப்போகச் சொல்வது என்ன என்பதை உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

7. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது

முன்னர் வசதியாக வாழ்ந்து பின்னர் நொடித்துப்போன குடும்பத்தை ஆங்கிலத்தில் 'குறைக்கப்பட்ட சூழ்நிலையில்' வாழ்கின்றது என்பார்கள். இவ்வழக்கில் ஒரு நாகரிகம் உண்டு. குறைந்தது சூழ்நிலை, குடும்பமன்று. ஆறு ஏக்கர் வயலும் பத்து மாடும் வைத்திருந்தவர் இன்று பிறர் வயலில் நாட்கூலியாக நிற்கலாம். நெல்லின் கதிரைக் கையில் உருட்டி அறுவடை நாளைச் சொல்லும் அவருடைய அறிவு ஒரு மணியளவும் குறையவில்லை.

ஆனால் 'டு' சேரும்போது நிலைமை மாறுகின்றது. 'இம்மக்கள் கையேந்துபவர்களாகக் குறைக்கப்பட்டுள்ளனர்' என்று அறிக்கைகளில் எழுதுவதுண்டு. இரக்கத்தோடு எழுதப்பட்டாலும் அது முழு மனிதரையும் ஒரு நிலைக்குள் அடைத்துவிடுகின்றது. உங்களைப் பற்றி எழுதப்படும் அறிக்கையை உங்களுக்கு வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். 'இழந்துள்ளனர்' என்பதற்கும் 'ஆகிவிட்டனர்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எழுதுபவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

8. வைத்தியசாலையில் இச்சொல்

இறுதியாக, இச்சொல்லின் பழைய பொருள் மாறாமல் வாழும் இடம் ஒன்றுண்டு. எலும்பு முறிந்து தன் இடத்திலிருந்து விலகிவிட்டால், வைத்தியர்கள் அதை 'டிஸ்பிளேஸ்ட்' என்று எழுதுவார்கள். உங்கள் குடும்ப அட்டைகளிலும் கோவைகளிலும் இடம்பெயர்ந்தோர் என்பதற்கு எழுதப்பட்ட அதே சொல். விலகிய எலும்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்திவிட்டால், அதை 'றிடியூஸ்ட்' என்று எழுதுவார்கள். வைத்தியத் துண்டில் இதைக் கண்டு எலும்பு குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இடம்பெயர்ந்தது தன் இடத்துக்குத் திரும்பிற்று என்பதே பொருள்.

எலும்பைப் பொருத்தியதோடு வைத்தியம் முடிவதில்லை. அசையாமல் இருக்கக் கட்டுப் போட வேண்டும். எலும்பு கூடப் பல வாரங்கள் செல்லும். அதன்பின் மூட்டுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கட்டை அவிழ்த்தால் எலும்பு மீண்டும் விலகும். மக்களின் மீள்திரும்புகையும் அத்தகையதே. காணிக்குள் இறக்கிவிட்டுப் பதிவேட்டில் ஒரு கோடு இழுப்பதால் எவரும் திரும்பிவிட்டவர் ஆகமாட்டார். கிணறு இறைக்கப்பட வேண்டும். எல்லைக்கல் கண்டுபிடிக்கப்பட வேண்டும். காணி உறுதி கைக்கு வரவேண்டும். முதற்போகம் வீடு வந்து சேரும்வரை ஆதரவு வேண்டும். அந்த ஆதரவு இடையில் குறைக்கப்பட்டால், எதிலிருந்து எதுவாக, யாரால் என்று நாம் கேட்க வேண்டும்.

எம்மிடம் கடிதம் கொண்டுவந்த அந்தத் தாய் இப்போதும் கடிதங்களோடு வருகின்றார். கடிதத்தைத் தருமுன் விரலால் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி, "சுவாமி, இது ஆலோ, ஆகவோ?" என்று கேட்கின்றார். நாம் இப்போது இருந்து வாசிக்கின்றோம்.

பயிற்சி

ஒவ்வொன்றுக்கும் மிஞ்சுவது எவ்வளவு எனக் கூறுங்கள்.

1. 10 கிலோ மா, 3 கிலோவால் குறைக்கப்பட்டது.
2. 10 கிலோ மா, 3 கிலோவாகக் குறைக்கப்பட்டது.
3. 60,000 ரூபா கடன், மூன்றிலொரு பங்காகக் குறைக்கப்பட்டது.
4. 60,000 ரூபா கடன், மூன்றிலொரு பங்கால் குறைக்கப்பட்டது.
5. 1,200 ரூபாப் பொருளின் விலை, 50 வீதம் வரை குறைக்கப்பட்டது.

விடைகள்: (1) 7 கிலோ. (2) 3 கிலோ. (3) 20,000 ரூபா. (4) 40,000 ரூபா. (5) சொல்ல முடியாது. 600 ரூபாவுக்குக் கீழே போகாது என்பது மட்டுமே நிச்சயம்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்துக்கு வந்த ஆங்கிலக் கடிதங்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இச்சொல் எங்கெங்கே வருகின்றது? பின்னால் நிற்பது 'பை'யா, 'டு'வா?
2. உங்கள் ஊரில் 'குறைந்தது' என்று சொல்லப்படுபவற்றுள் எவை தாமாகக் குறைந்தன? எவை குறைக்கப்பட்டன?
3. உங்கள் வாழ்வில் குறையாமல் நீங்கள் கொண்டுவந்து சேர்த்தவை எவை? விதை, தொழில், பழக்கம், உறவு என ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லுங்கள். ஒருவர் அவற்றை எழுதி வைக்கட்டும்.